சட்டவாட்சியையும் வலுவேறாக்கத்தையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள்

அரசியலமைப்புச் சட்டத்தில் முதல் தடவை எனக்குப் புள்ளி மிகக் குறைவு. இத்தனைக்கும் சட்டவாட்சி பற்றி ஆங்கிலேயச் சட்ட அறிஞர் டைசி 1885இல் சொன்ன மூன்று கூறுகளும் மனப்பாடம், வலுவேறாக்கம் பற்றி பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொன்டெஸ்கியூ 1748இல் எழுதியதும் மனப்பாடம். சட்டவாட்சி, அதாவது ஆள்வோரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது, ஒரு கொப்பியில். வலுவேறாக்கம், அதாவது சட்டம் இயற்றுவது, நிர்வகிப்பது, தீர்ப்பளிப்பது மூன்றும் வெவ்வேறு கைகளில் இருக்க வேண்டும் என்பது, இன்னொரு கொப்பியில். ஒன்றில்லாமல் மற்றது நிலைக்குமா என்று கேள்வி வந்தபோது பாதிப் பக்கம் அது, பாதிப் பக்கம் இது என்று எழுதிவிட்டு வந்தேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வரி இல்லை, கேட்டதோ அதைத்தான்.

அடுத்த முறை லியனகே வழக்கிலிருந்து தொடங்கினேன், நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். 1962 ஜனவரியில் இலங்கையில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது. பிடிபட்டவர்களைக் குறிவைத்தே பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நடந்து முடிந்ததற்கும் அது பொருந்தும், தடுத்து வைத்ததைப் பின்னாலிருந்து செல்லுபடியாக்கும், சாட்சிய விதிகளை மாற்றும், தண்டனை 10 ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று நீதிபதியின் கையைக் கட்டும், விசாரிக்கப்போகும் நீதிபதிகளையும் அமைச்சரே பெயரிடலாம். அப்படிப் பெயரிடப்பட்ட மூன்று நீதிபதிகளே அந்த நியமனம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள். அதை வாசித்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

பிறகு புதிய ஏற்பாட்டில் விசாரணை நடந்து 11 பேர் குற்றவாளிகளானார்கள், மேன்முறையீடு லண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்கு (Privy Council), அதாவது அன்று இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்ததற்குப் போனது. இனிதான் பரீட்சைக்கு வேண்டிய இடம். இந்தச் சட்டம் நீதியின் அடிப்படைக் கோட்பாடுகளுக்கு முரண் என்ற வாதத்தைக் கழகம் ஏற்கவில்லை. நீதிமன்றத்துக்குரிய அதிகாரத்தைச் சட்டமன்றம் பறித்துக்கொண்டது என்ற வாதத்தை ஏற்று 1965இல் தண்டனைகளை ரத்துச் செய்தது. வலுவேறாக்கம் என்ற சொல்லே அன்றைய இலங்கை அரசியலமைப்பில் இல்லை, நீதித்துறையைப் பற்றிய ஏற்பாடுகளின் கட்டமைப்பிலிருந்து அதை எடுத்தார்கள். ஆக, சட்டவாட்சி உடைந்தது என்பது முறைப்பாடு, அதைத் தீர்த்துவைத்தது வலுவேறாக்கம். இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே முழு விடையையும் கட்டலாம்.

இதற்கு ஜோடியாக 1765இன் என்டிக் எதிர் கரிங்டன் என்ற இங்கிலாந்து வழக்கை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரம்பு மீறியது நிறைவேற்றுத்துறை, அதாவது நிர்வாகம் நடத்தும் அரசாங்கம்: அமைச்சரின் பிடியாணையோடு வீட்டைச் சோதனை போட்டார்கள், அந்த அதிகாரம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று நீதிமன்றம் கேட்டது, காட்ட முடியவில்லை.

சரி, எதிர்வாதம்? அமைச்சர்கள் பாராளுமன்ற உறுப்பினர்களாகவும் இருக்கும் முறையில் முழுப் பிரிவினை கிடையாது, ஒப்படைக்கப்பட்ட சட்டவாக்கமும், அதாவது பாராளுமன்றம் தந்த அதிகாரத்தில் அமைச்சர்கள் விதிகள் ஆக்குவதும், அப்படித்தான். இதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அதனால் கோட்பாடே பொய் என்று முடித்துவிடாதீர்கள், ஏனென்றால் அங்கேயும் யாரும் கைவைக்கக் கூடாத இடம் நீதிமன்றச் சுதந்திரம்தான் என்பது என் நிலைப்பாடு. உங்களுடையது வேறாக இருக்கலாம், ஆனால் அதை முதல் பந்தியிலேயே சொல்லிவிடுங்கள். நான் இரண்டாம் முறை எழுதியபோது டைசிக்கு நான்கு வரிதான் கொடுத்தேன், மீதி இடமெல்லாம் வழக்குகளுக்கு.