ஐந்தில் மூன்று: வடிகட்டிக் கோப்பை இறக்காமல் விட்டதன் விலை

ஒரு கருந்துளையும் ஒரு விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும் ஜிஆர்எஸ் 1915+105 என்னும் கருந்துளை இரட்டையின் எக்ஸ்-கதிர் ஏற்ற இறக்கங்களை, 2012 சனவரியில் பணி முடித்த ரோஸி செயற்கைக்கோளின் காப்பகத் தரவிலிருந்து ஆராய்ந்தேன். அதில் மூன்று வாரங்கள் கருவியின் இயக்க நிலையைப் பதிந்து வைக்கும் வடிகட்டிக் கோப்பு என்ற ஒரே ஒரு கோப்பு இல்லாததால் வீணாயின.

தரவை இறக்குவதிலும் மென்பொருளை நிறுவுவதிலும் சிக்கல் இல்லை. ஒளிவளைவை, அதாவது நேரத்தோடு எக்ஸ்-கதிர் அளவு மாறுவதைக் காட்டும் வரைபடத்தை, வரைந்தபோது, நொடிக்குப் பதிவாகும் கதிர்த்துகள்களின் எண்ணிக்கை வீதம் சட்டென விழுந்து, நெடுநேரம் தாழ்ந்தே கிடந்தது. இந்த மூலத்தில், கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டின் உட்பகுதி வெறுமையாகி மீண்டும் நிரம்புவதால் இத்தகைய சரிவுகள் உண்மையிலேயே நிகழ்வதுண்டு. 2000இல் பெல்லோனி குழுவினர் வகுத்த 12 மாறுபாட்டு வகைகள் சிலவற்றில் அவற்றைக் காணலாம். ஆகவே எனக்கு ஐயமே எழவில்லை. கட்டுரையின் முதல் வரைவையும் எழுதிவிட்டேன். இத்துறையில் மூத்த ஒருவரிடம் கருத்துக் கேட்டு அனுப்பிய மடலுக்கு, “கையேட்டைப் பாருங்கள்” என்ற ஒற்றை வரியே பதிலாக வந்தது. எந்தப் பகுதி என்று சொல்லியிருந்தால் அந்த வாரங்கள் மிஞ்சியிருக்கும் என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

பின்னணியைக் கழித்த பிறகு, சரிவின் சராசரியை அதற்கு முந்தைய சராசரியால் வகுத்துப் பார்த்தேன்: 0.6. ஆற்றல் பட்டை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ அதே 0.6. வட்டு வெறுமையானால் ஆற்றல் குறைந்த மென் கதிர்களும் ஆற்றல் மிகுந்த வன் கதிர்களும் ஒரே விகிதத்தில் குறைய வாய்ப்பில்லை. இடம் மிச்சப்படுத்துவதற்காக நான் விட்டுவிட்ட வடிகட்டிக் கோப்பை அன்றிரவே இறக்கிப் பார்த்தேன். செயற்கைக்கோளில் இயங்கும் உணர்கருவிகளின் எண்ணிக்கை, சரிவு தொடங்கிய அதே நேரத்தில் 5இலிருந்து 3 ஆகியிருந்தது. ஒளிவளைவை வரையும் முன்பே, கோப்பில் அந்த எண்ணிக்கை உள்ள நெடுவரிசையைப் பாருங்கள்.

இன்னொரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் எடுத்த, 0.125 நொடிக்கு ஒரு முறை பதிந்த தரவில் 4 ஹெர்ட்சுக்கு மேல் எதையும் தேட முடியாது. நுண்ணிய பகுப்புள்ள தரவுக்கு மாறி, இடைவெளி விழுந்த துண்டுகளை நீக்கி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ளது என்று காட்டும் திறன் நிறமாலைகளை 16 நொடித் துண்டுகளுக்குக் கணித்து, அவற்றைச் சராசரி எடுத்தேன். வெறும் இரைச்சலின் மட்டம் 2 ஆக வருமாறு அமைந்த லீஹி அளவீட்டில், அந்த மட்டம் 2க்குச் சற்றுக் கீழே நின்றதும் மீண்டும் பதறினேன். அது கருவியின் செயலிழப்பு நேரத்தால், அதாவது ஒரு துகளைப் பதிந்ததும் அடுத்ததைப் பதிய முடியாத சிறு இடைவெளியால், வருவது; பிழையன்று.

கடைசியில் 3 ஹெர்ட்சை ஒட்டி ஒரு கூர்முகடும், அதன் இருமடங்கில் சிறியதொரு முகடும் எழுந்தன. ஐந்து கருவிகளும் இயங்கிய பகுதியில் கண்ட அதே இடத்தில், மூன்று மட்டும் இயங்கிய பகுதியிலும் அவை நின்றன.