களி உருண்டைக்கு ஒரு வெள்ளைத் தட்டு

டேஸ்டிங் மெனு விருந்தில் நாம் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தலைமைச் சமையற்காரர் அன்றைக்கு என்ன சமைக்க முடிவு செய்தாரோ, அது சிறு சிறு அளவில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இலையில் எல்லாவற்றையும் ஒருசேரப் பரிமாறிப் பழகிய நமக்கு இந்த முறை சற்றுப் புதியதுதான். தை மாதத்தில் பெங்களூரிலிருந்து தருமபுரிக்குச் செல்லும் வழியில், ஓசூரிலுள்ள ஒரு நட்சத்திர விடுதியில் நானும் என் மனைவியும் இத்தகைய விருந்துக்கு முன்பதிவு செய்திருந்தோம். அன்றைய உணவுகள் யாவும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் விளையும் பொருள்களைக் கொண்டே சமைக்கப்படுகின்றன என்று அறிந்ததே அதற்குக் காரணம்.

முதலில் சிறு கிண்ணத்தில் கொள்ளு ரசம் வந்தது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் தை மாதக் குளிருக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது. அடுத்து, ராயக்கோட்டைத் தக்காளியைத் தணலில் சுட்டு அரைத்த துவையலும் சாமை அடையும் வந்தன. மிளகு தடவிப் பொரித்த அணை மீனும் நன்றாகவே இருந்தது.

ஆனால் அன்றைய விருந்தின் உயிர், நான்காவதாக வந்த கேழ்வரகுக் களிதான். அகன்ற வெள்ளைத் தட்டின் நடுவில், எலுமிச்சை அளவே இருந்த கரும்பழுப்பு உருண்டை; ஈரக் கையால் உருட்டியதன் பளபளப்பு அதன் மேல் இன்னும் காயாமல் இருந்தது. அதைச் சுற்றிப் பிதுக்குப் பருப்புக் குழம்பை எங்கள் கண்ணெதிரே ஊற்றினார்கள். பச்சை அவரைக் கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை நீக்கி எடுக்கும் அந்தப் பருப்பு, முழுதாக இருந்தும் நாவில் பட்டதும் வெண்ணெய் போல் கரைந்தது. பரிமாறிய இளைஞர் பாலக்கோட்டுக்காரர். "கடிக்காதீங்க சார், குழம்புல தொட்டு அப்படியே முழுங்குங்க, எங்க வீட்ல அப்படித்தான் சாப்பிடுவோம்" என்றார். கரண்டியை வைத்துவிட்டுக் கையாலேயே சாப்பிட்டோம்.

களியை இவர்கள் எந்த விதத்திலும் மாற்ற முயலவில்லை என்பதை மனமாரப் பாராட்டுகிறேன். கொதிக்கும் உலையில் நொய்யை வேகவிட்டு, மாவைக் கொட்டி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி எடுக்கும் அதே பழைய முறைதான். தட்டில் வேறெதுவும் இல்லாததால், வழக்கமாகக் குழம்பின் காரத்தில் மறைந்துவிடும் கேழ்வரகின் மண்வாசனை முழுமையாகத் தெரிந்தது. 2023ஆம் ஆண்டை ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு பெரிய உணவகங்களில் கேழ்வரகு பிஸ்கட்டாகவும் கேக்காகவும் வருகிறது. களியாகவே அதற்கு மரியாதை செய்த இடத்தை நான் இங்குதான் பார்த்தேன்.

இனிப்பு வகையில் இரண்டு வந்தன. ஓசூர் ரோஜா இதழில் செய்த ஐஸ்கிரீமில் மணம் தூக்கலாக இருந்து, சுவை பின்தங்கிவிட்டது. கிருஷ்ணகிரியில் விளையும் பெங்களூரா வகை மாம்பழக் கூழும் வெல்லப்பாகும் சேர்ந்த மற்றொன்றோ மிகச் சிறப்பு. மாம்பழப் பருவம் இல்லையென்றாலும், கோடையில் மாவட்டத்துக் கூழ் ஆலைகளில் பதப்படுத்திய பழத்தின் புளிப்பு குறையாமல் இருந்தது. வெல்லம் கடத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தது என்றார்கள். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமானின் முன்னோரே கரும்பைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூறு சொல்வதை என் மனைவி நினைவுபடுத்தியபோது, அந்தப் பாகை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.

விலை குறைவில்லை, இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த தொகையில் ஒரு குடும்பத்துக்கு மாத மளிகையே வாங்கிவிடலாம். இருந்தாலும் அந்த நான்காவது தட்டுக்காக மீண்டும் போவேன். பச்சை அவரை வரத்து வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும் என்பதால், போக நினைப்பவர்கள் மார்கழி, தை மாதங்களில் முன்பதிவு செய்துகொள்வது நல்லது.