பின்பக்கம் கேட்காத மைக்

வாங்கிய மைக்கின் பின்பக்கம் வேலை செய்யவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு 19 நாள் ஆயிற்று. கடையில் மாற்றிக் கொடுக்கும் கெடு 15 நாள். அந்த நாலு நாளுக்காக இரண்டு தடவை சென்னைக்கு அலைந்தேன். மல்ட்டி-பேட்டர்ன் மைக், அதாவது எந்தெந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்ற வடிவத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய மைக் வாங்கப் போகிறவர்கள், பெட்டியைப் பிரித்த அன்றே செய்ய வேண்டிய பத்து நிமிஷச் சோதனை ஒன்று இருக்கிறது. யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மயிலாடுதுறையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 74. வீணை வாசித்துக்கொண்டே பாடுவார். அவரிடம் இருக்கும் பாடாந்தரத்தை, அதாவது குரு வழியாக வந்த பாடல் முறையைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஏற்கெனவே ஒரு சின்ன கார்டியாய்டு மைக் இருந்தது, முக்கியமாக முன்பக்கத்தைக் கேட்கும் வகை. அதில் எடுத்துப் பார்த்தால் வீணை முன்னால் நிற்கும், குரல் பின்னால் போய்விடும். குரலைத் தூக்கினால் வீணையும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். தனித்தனியாக எடுத்துச் சேர்க்கலாமா என்று கேட்டேன். “நீ தனியா பாடு, தனியா வாசின்னா எனக்கு வராதுடா தம்பி. கை போற இடத்துலதான் வாய் போகும்” என்றார். அவர் சொன்னது சரி. அந்தச் சேர்க்கைதான் பதிவாக வேண்டியதே.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது எட்டு வடிவம், அதாவது ஃபிகர் எயிட். அது முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. கார்டியாய்டு மைக் பக்கவாட்டில் 6 டெசிபல்தான் குறைத்துக் கேட்கும். முழுதாகக் காது மூடுவது அதன் முதுகுப்பக்கம் மட்டும். எட்டு வடிவத்துக்குப் பக்கவாட்டு முழுக்கச் செவிடு. வாய்க்கு நேராக மைக்கை வைத்து, வீணையை அந்தச் செவிட்டுப் பக்கத்தில் விட்டால் குரல் தனியாக வந்துவிடும் என்பது என் கணக்கு.

தேர்வு செய்வதில் ஒரு வாரம் போயிற்று. யூஎஸ்பி மைக்குகளை முதலிலேயே ஒதுக்கினேன். புளூ யெட்டியில் நாலு வடிவங்கள் இருக்கின்றன, தனியாகப் பேசுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் இன்டர்ஃபேஸில், அதாவது மைக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியில், இன்னொரு மைக்கோடு சேர்த்து ஒரே நேரத்தில் பதிவு செய்ய அது ஒத்துவராது. ஏகேஜி சி414 எக்ஸ்எல்எஸ்ஸில் ஒன்பது வடிவங்கள். என் பட்ஜெட்டுக்கு எட்டாது. ஆடியோ-டெக்னிகா ஏடி2050-இல் மூன்று வடிவங்கள், மைக்கின் சொந்த இரைச்சல் 17 டெசிபல். ரோட் என்டி2-ஏவிலும் மூன்றுதான், இரைச்சல் 7 டெசிபல். வீணையின் கமகம் தேய்ந்து அடங்கும் இடத்தில் மைக்கின் ‘ஸ்ஸ்’ கேட்டால் எனக்குப் பொறுக்காது என்பதால் இந்த எண்ணை முக்கியமாகப் பார்த்தேன், குறையக் குறைய நல்லது. பாட்டு, வீணை, தம்புரா எடுக்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கடைசியில் நான் வாங்கியது வேறொரு கம்பெனியின் மூன்று வடிவ மைக். இருபதாயிரத்துச் சொச்சம்.

இந்த மைக்குகளின் உள்ளே முதுகோடு முதுகாக இரண்டு டயாஃப்ரம் இருக்கும், சத்தத்துக்கு அதிரும் மெல்லிய சவ்வுகள். முன்னது மட்டும் வேலை செய்தால் கார்டியாய்டு. இரண்டும் கூடினால் ஓம்னி, சுற்றிலும் கேட்கும். பின்னதைத் தலைகீழாக்கிச் சேர்த்தால் எட்டு வடிவம். 1967-இல் வந்த நாய்மன் யூ 87 முதல் இன்றைய மலிவு மைக்குகள் வரை இதே ஏற்பாடுதான். என் தலைவலி முழுவதும் இதில்தான் ஒளிந்திருந்தது.

மாட்டி, மைக்குக்கு இன்டர்ஃபேஸ் கேபிள் வழியே கொடுக்கும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் போட்டு, கார்டியாய்டில் பேசிப் பார்த்தேன். அருமையாக வந்தது. எட்டுக்கு மாற்றி, பெரியம்மாவை உட்கார வைத்து எடுத்தேன். வீணை அப்படியே இருந்தது! குறையவே இல்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் குறை சொல்லாத பொருள் இல்லை. ஹாலின் சிமென்ட் சுவரைக் குறை சொன்னேன். மைக்கை ஏற்றினேன், இறக்கினேன், சாய்த்தேன். கேபிளை மாற்றினேன். சின்ன அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் எல்லா வடிவத்தையும் கெடுக்கும் என்பது உண்மைதான், அதனால் அறையைத்தான் ரொம்ப நாள் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு தடவையும் பெரியம்மா ஒரே வர்ணத்தை முகம் சுளிக்காமல் திரும்ப வாசித்தார். அதை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

19-ஆம் நாள் ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. ஃபேன், ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கின. லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. இன்டர்ஃபேஸும் அதிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்வது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாவிக்கொத்தைக் குலுக்கியபடி மைக்கை மெதுவாகச் சுற்றி நடந்தேன். எட்டு வடிவத்தில் பக்கவாட்டில் சத்தம் சாக வேண்டும், பின்னால் போனால் உயிர்த்தெழ வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம்தான் குறைந்தது. பின்னால் போனதும் அடங்கிவிட்டது. ஓம்னிக்கு மாற்றினேன், அங்கேயும் பின்னால் அடங்கிவிட்டது. மூன்று வடிவத்திலும் ஒரே கார்டியாய்டு. பின் டயாஃப்ரத்தில் உயிரே இல்லை.

இதுதான் நான் சொன்ன பத்து நிமிஷச் சோதனை. சாவிக்கொத்து போதும். கம்பெனிப் பெயர் இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் முன்பக்கம். மைக்கின் உச்சியைப் பார்த்துப் பேசக் கூடாது, அந்த முன்பக்கத்து வலைக்கு நேராகத்தான் பேச வேண்டும். வடிவத்தை மாற்றும் முன் ஹெட்போன் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள், ‘டப்’ என்று காதில் அடிக்கும்.

கடைக்குப் போன் செய்தேன். “உங்க வீட்டு ஃபேண்டம் பவர் வீக்கா இருக்கும் சார், தனியா ஒரு யூனிட் வாங்கிப் போட்டுப் பாருங்க” என்றார்கள். கரண்ட் குறைந்தால் முன்பக்கமும் சேர்ந்துதானே தடுமாற வேண்டும் என்று கேட்டேன். பதில் இல்லை. நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். ராத்திரி ரயிலேறி, விடிய எழும்பூரில் இறங்கி, கடை திறக்கும் பத்தரை மணிவரை காத்திருந்தேன்.

கவுன்ட்டரில் இருந்தவர் மைக்கை மாட்டி, கார்டியாய்டில் வைத்து, “ஹலோ, செக், ஒன் டூ த்ரீ” என்றார். “நல்லாத்தானே வருது சார்?” எட்டில் போட்டுப் பின்னாலிருந்து பேசுங்கள் என்றேன். “பின்னாடி பேசினா எந்த மைக்லயும் கேக்காது சார்.” எட்டு வடிவம் என்ற பட்டன் எதற்கு இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. சுற்றிலும் பத்துப் பேர் பேசிக்கொண்டிருந்த கடையில் நான் நிரூபிக்கவும் முடியவில்லை. அப்புறம் பில்லை வாங்கிப் பார்த்தார். அதில் மாடல் பெயர் இருந்தது, சீரியல் நம்பர் இல்லை. வாரன்டி அட்டையில் கடை முத்திரையும் இல்லை. “இது எங்ககிட்ட வாங்கினதுதான்னு எப்படி சார் கம்பெனிக்குச் சொல்றது?” அன்றைக்குச் சாயங்காலம் அதே மைக்கோடு ஊர் திரும்பினேன்.

ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பரை அடித்துத் தரச் சொல்லுங்கள். மைக்கில், பெட்டியில், பில்லில் மூன்றிலும் ஒரே எண் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பாருங்கள். வாரன்டி அட்டையில் முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள். பிரிக்கும்போதே போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தேன். அதில் பெட்டியின் சீரியல் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. கடைசியில் என்னைக் காப்பாற்றியது அந்த வீடியோதான்.

இரண்டாம் தடவை வெறுங்கையோடு போகவில்லை. நண்பனிடம் வேறொரு நல்ல எட்டு வடிவ மைக் இரவல் வாங்கினேன். இரண்டு மைக்கையும் ஒரே இடத்தில் வைத்து, ஒரே கைதட்டலை முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பதிவு செய்தேன். எட்டு வடிவத்தில் பின்னாலிருந்து வரும் சத்தம் தலைகீழாகப் பதிவாகும்: முன்னால் தட்டினால் அலையின் முதல் துள்ளல் மேலே போகும், பின்னால் தட்டினால் கீழே இறங்கும். நண்பன் மைக்கில் அப்படியே வந்தது. என் மைக்கில் பின்னால் தட்டியது கீற்றாக மட்டும் வந்தது. அலைகளைப் பெரிதாக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பக்கத்தில் பிரின்ட் எடுத்தேன்.

இந்தத் தடவை கவுன்ட்டரில் நிற்காமல் சர்வீஸ் பார்ப்பவரைக் கேட்டேன். அவர் பிரின்ட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். “பேக் கேப்ஸ்யூல் டெட் சார். நீங்க முதல்லயே இவரைப் பார்க்காம என்னைப் பார்த்திருக்கணும்” என்றார். பதினொரு நாளில் புது மைக் வந்தது. கவுன்ட்டரிலேயே சாவிக்கொத்தை எடுத்துக் குலுக்கினேன். பின்பக்கம் கணீரென்று கேட்டது.

அதற்கப்புறம் நடந்தது நான் எதிர்பார்த்ததைவிட நல்லபடியாக இருந்தது. எட்டு வடிவத்தின் செவிட்டுப் பக்கம் ஒரு புள்ளி அல்ல, கதவுப் பலகை மாதிரி ஒரு தளம். மைக்கின் இடம், வலம், மேல், கீழ் நாலு பக்கமும் அந்தத் தளத்தில் விழும். மைக் பெரியம்மாவின் வாயைப் பார்த்து நிற்கும்போது, மடிக்கு முன்னால் குடத்திலிருந்து யாளி முகம் வரை குறுக்கே கிடக்கும் வீணை ஏறக்குறைய முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இந்த வேலைக்கென்றே வீணையைச் செய்தது போல இருந்தது எனக்கு. மைக்கை விரற்கடை விரற்கடையாகச் சாய்த்து, வீணை எந்தச் சாய்வில் ஆகக் குறைகிறதோ அங்கே நிறுத்தினேன். ஃபேன் இல்லாமல் பெரியம்மாவால் சித்திரையில் உட்கார முடியாது; அந்த ஃபேனுக்கு நேர் கீழே மைக்கை வைத்தேன், அதுவும் தளத்துக்குள் வந்துவிட்டது. சுவரில் பட்டு வரும் முனகல் மிச்சம் இருக்கத்தான் செய்யும், ஆனால் ஃபேனை ஒன்றாம் நம்பரில் ஓடவிட்டால் தாங்கிக்கொள்ளலாம். எட்டு வடிவம் காற்றுக்கு ரொம்பத் தொட்டாற்சுருங்கி, வாய்க் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர் கட்டாயம்.

பின்பக்கம் எதிர்ச்சுவரைக் கேட்குமே, அதற்கு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி, மேலே பவானி ஜமுக்காளத்தை மடித்துப் போட்டேன். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குக் குறையாத தூரம். கிட்டே போனால் எல்லா வடிவத்தையும்விட எட்டில்தான் அடிக்குரல் அதிகம் வீங்கும். குரல் மைக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடிச்சத்தத்தைக் குறைக்கும் லோ கட் போட்டேன். வீணைக்குப் பழைய கார்டியாய்டை, அதன் முதுகு பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கும்படி, குடத்தை நோக்கி இறக்கி வைத்தேன். அதில் லோ கட் போடாதீர்கள், வீணையின் ஆகக் கீழான தந்தியான அனுமந்தரம் மெலிந்துபோகும். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது ஒரு டிராக்கின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது அலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள். எது நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓம்னியை ஒரு நாள் மட்டும் பயன்படுத்தினேன். பெரியம்மாவின் நாலு மாணவிகள் மைக்கைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். கூடம் பெரியது, நன்றாக வந்தது. சின்ன அறையில் ஓம்னி வேண்டாம், பெட்டிக்குள் பாடினது போல இருக்கும். வேலை முடிந்ததும் மைக்கைத் துடைத்து, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். எங்கள் பக்கத்து ஈரத்தில் வெளியே விட்டால் இந்த மாதிரி கண்டென்சர் மைக் படபடக்க ஆரம்பித்துவிடும்.

முதல் கீர்த்தனை முடிந்ததும் ஹெட்போனைப் பெரியம்மாவின் காதில் வைத்து, குரல் டிராக்கை மட்டும் போட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “வீணை எங்கடா போச்சு?” என்று என் கையைப் பிடித்தார். எங்கோ தூரத்தில் மெலிசாகத்தான் அது கேட்டது. இரண்டையும் சேர்த்துப் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

“சரணத்துல ரெண்டாவது சங்கதி, கை சரியாப் போயிருக்கு, வாய் கொஞ்சம் தள்ளிப்போச்சு. இத்தனை நாள் எனக்கே தெரியல. நாளைக்குக் காலம்பற மறுபடி எடுப்போம்.”

மறுநாள் ஆறு மணிக்கு எடுத்தோம்.