மதினிக்கு வளைகாப்பு

நெருங்கிய சொந்தம் மட்டும்தான் என்பதால் அழைப்பிதழை வீட்டிலேயே செய்கிறோம். மதுரை மாசி வீதிப் பக்கம் வாங்கிய 300 ஜிஎஸ்எம் கனமான அட்டை. ஏ4 அளவை இரண்டாக வெட்டி மடித்தால் இரண்டு கார்டு கிடைக்கும்.

முகப்பில் சின்னப் பிள்ளைகள் போடும் கண்ணாடி வளையல், சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. பசை வைத்து ஒட்டாதீர்கள், வழவழப்பில் நிற்காது. ஊசியால் இரண்டு துளை போட்டு, மஞ்சள் நூலை வளையலோடு சேர்த்துச் சுற்றிப் பின்பக்கம் முடிச்சுப் போட்டால் அசையவே அசையாது. பார்க்கவும் அவ்வளவு லட்சணம்!

நாலு மூலைக்கும் மஞ்சள் தடவுவது அம்மா. கெட்டியாகக் குழைக்க வேண்டும், தண்ணீர் கூடினால் எழுத்தெல்லாம் ஊறிவிடும்.

தபாலில் அனுப்பினால் வளையல் தாங்காது. அதனால் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் எல்லாமே நேரில்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருங்கள், வருகிறோம்.