வலது பக்க கிட்டார்

நவம்பர் 5, செவ்வாய்

ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் வலது காது கேக்காது. 20ஆம் தேதி புதன், காலையில முதல் கேஸ். 19ஆம் தேதி சாயங்காலமே வந்து அட்மிட் ஆகணும்.

நவம்பர் 6, புதன்

பெங்களூர், இந்திராநகர் 12வது மெயின். எந்த பப் வாசல்ல நின்னாலும் தும் தும் தும் தும். ஒரு இடத்துல லேடீஸ் நைட்னு சொல்லி உள்ள நுழையறதுக்கு முன்னாடியே கையில பேப்பர் பட்டை ஒட்டி விட்டாங்க. நேரா டிஜே கிட்ட போய், "கிளாசிக் ராக் ஏதாவது போடுவீங்களா?"ன்னு கேட்டேன். சின்னப் பையன். ஹெட்ஃபோனை ஒரு பக்கம் மட்டும் நகர்த்திட்டு மரியாதையாதான் சொன்னான்: "இன்னிக்கு டெக்னோ மேடம்." நாளைக்கு? "டெக் ஹவுஸ்."

டெக்னோ மேல எனக்கு எந்த வெறுப்பும் இல்ல. அந்தக் கிக் டிரம் நடு நெஞ்சுல விழணும்னுதான் நடுவுல வெச்சுப் பண்றாங்க. அதை மிச்சம் இருக்கிற ஆயுசு முழுக்க இடது காதாலேயே கேட்டுக்கலாம். இந்த ரெண்டு வாரத்தை அதுக்குக் குடுக்க முடியாது.

நவம்பர் 7, வியாழன்

அம்மா ஃபோன். "எந்தப் பக்கம்டி?" வலது. வலதும்மா. வலது.

நவம்பர் 8, வெள்ளி

பெகோஸ் பப். ரெஸ்ட் ஹவுஸ் ரோடு. 1989லேர்ந்து அங்கேயே இருக்கு. குறுகின மாடிப்படி, சுவரெல்லாம் பழைய ராக்காரங்க முகம். மேஜை கிடைக்கல, ஓரமா ஒரு ஸ்டூல் போட்டுக் குடுத்தாங்க. பீர் வேண்டாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். லைம் சோடாவும் சில்லி பீஃபும்.

பக்கத்து மேஜையில நாப்பது தாண்டின நாலு பேர். கிட்டார் சோலோ வந்ததும் பேச்சை அப்படியே நிறுத்திட்டு, நோட் பிசகாம வாயாலேயே பாடினாங்க. முடிஞ்சதும் விட்ட இடத்துலேர்ந்து ஏதோ ஈஎம்ஐ பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு.

இந்த ஊர் அப்படி இருந்த ஊர். 2002ல ரோஜர் வாட்டர்ஸ், 2003ல ரோலிங் ஸ்டோன்ஸ், 2007ல அயர்ன் மெய்டன், 2011ல மெட்டாலிகா, எல்லாரும் பேலஸ் கிரவுண்ட்ஸ்லதான் வாசிச்சாங்க. மெய்டனுக்கு நான் ஹாஸ்டல்ல பொய் சொல்லிட்டுப் போனேன். அப்போ பிரிகேட் ரோட்டைச் சுத்தி எந்த பப்புக்குப் போனாலும் ராக்தான், தேட வேண்டிய அவசியமே இல்ல. இப்போ இடமெல்லாம் பெருசு, வாடகையும் பெருசு. டிஜே நைட்னாதான் மேஜை நிறையுதுன்னு சொல்றாங்க. இருக்கட்டும். ஆனா 12வது மெயின் முழுக்க ஒரே தாளமா?

நவம்பர் 9, சனி

ராத்திரி முழுக்க வலது காதுல அந்தச் சத்தம். முன்னெல்லாம் டிவியில நிகழ்ச்சி முடிஞ்சதும் கலர் பட்டையோட ஒரு கூவல் வருமே, அது.

நவம்பர் 11, திங்கள்

சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் சின்னதா ஒரு இடம். பேர் எழுதல. பாட்டெல்லாம் சரியான பாட்டு, ஏசி/டிசி, லெட் ஜெப்லின் மாதிரி ராக் பேண்டுங்க எல்லாம். ஆனா என்னவோ இடிச்சுது. ஏசி/டிசி ரெக்கார்டுல ரெண்டு கிட்டார், அண்ணன் மால்கம் யங் இடது பக்கம் தாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார், தம்பி ஆங்கஸ் வலது பக்கம். இங்க ரெண்டு பேரும் ரெண்டு ஸ்பீக்கர்லேர்ந்தும் வர்றாங்க. ஐயோ, காது அதுக்குள்ள போயிடுச்சான்னு கை நடுங்கிடுச்சு. வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோன் போட்டதும் ஆங்கஸ் வலது பக்கத்துல, லேசா மங்கலா, ஆனா அங்கேயேதான் இருந்தார்.

அப்போ அங்க மோனோ! இடது, வலதுன்னு பிரிக்காம ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம்.

நவம்பர் 13, புதன்

மதியம் மூணரைக்கே அங்க போனேன். கூட்டம் இல்ல. பாட்டு போடறவருக்கு அறுபது வயசு இருக்கும், அல்சூர் தமிழர். "அண்ணா, இது மோனோவா?"ன்னு கேட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரும் கேட்டதில்லம்மா."

மோனோ ஏன்னு அவரே சொன்னார். ஸ்டீரியோவில விட்டா இடது ஸ்பீக்கருக்குக் கீழ உட்கார்ந்தவனுக்குப் பாதிப் பாட்டுதான் கேக்கும். அதனால பப், கிளப் எல்லாத்துலயும் பெரும்பாலும் ரெண்டையும் ஒண்ணாக் கலந்து விட்டுடுவாங்களாம். 2018ல போலீஸ் லைசென்ஸ் கேட்டப்போ நிறைய இடத்துல பாட்டே நின்னுபோச்சு, அந்த மாசங்கள்ல பிளேட் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு வேலை பார்த்தேன்னார்.

நான் காரணம் எதுவும் சொல்லல. கவுன்டருக்குக் கீழ குனிஞ்சார். மிக்சரோட ஒரு பட்டனைத் தட்டினார், ரெண்டு திருகை ஆளுக்கொரு பக்கம் ஓரம் வரைக்கும் திருப்பினார். நடுவுல இருந்த மேஜையை நகர்த்தி, நாற்காலியை ரெண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்துல போட்டார். "உக்காருங்க."

ஜெப்லினோட 1969 பாட்டு, ஹோல் லாட்டா லவ். நடுவுல எல்லாம் அடங்கி, சத்தம் இடதும் வலதுமா அலையற இடம். தலைக்குள்ள ஒரு கதவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திறந்துச்சு. அப்புறம் ஏசி/டிசி. அண்ணன் இடது, தம்பி வலது, நடுவுல பாட்டு, அதுக்குப் பின்னால டிரம்ஸ். ஒவ்வொருத்தரும் எங்க நிக்கறாங்கன்னு விரலால காட்டலாம் போல இருந்துச்சு. வலது காதை உள்ளங்கையால மூடிப் பார்த்தேன். சத்தம் குறையல. ஆனா எல்லாரும் ஒரே சுவத்துல ஒட்டிக்கிட்டாங்க.

கையை எடுத்துட்டேன். மறுபடி மூடவே இல்ல.

நவம்பர் 14, வியாழன்

ஆடியோகிராம், காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட். வலது கோடு இன்னும் கீழ. டெஸ்ட் எடுத்த பொண்ணு நல்ல மனசோடதான் சொன்னா: "ஃபோன்ல மோனோ ஆடியோன்னு ஒரு செட்டிங் இருக்கு, ஆன் பண்ணிக்கங்க, எதுவும் விட்டுப் போகாது." ஆமா, இல்லேன்னா ஹெட்ஃபோன்ல பீட்டில்ஸோட ரப்பர் சோல் ஆல்பம் போட்டா, அந்த 1965 ஸ்டீரியோவில, வாத்தியம் மட்டும் கேக்கும். பாடறவங்க பெரும்பாலும் வலது பக்கம்.

நவம்பர் 16, சனி

கோரமங்கலா. மேப்ல 'ராக் பப்'னு போட்டிருக்கு, போனா லேசர் லைட்டும் தும் தும்மும். பவுன்சர் கிட்ட சண்டை போட்டேன். அவர் என்ன பண்ணுவார் பாவம். திரும்பும்போது ஆட்டோக்காரர் இளையராஜா போட்டார். அதுலயும் வயலின் எந்தப் பக்கம்னு தேடிக்கிட்டே வந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

அக்கா வேலூர்லேர்ந்து வந்துட்டா. "ஆபரேஷனை வெச்சுக்கிட்டு பப்பா? அறிவு இருக்காடி உனக்கு?" ஒரு மணி நேரம் திட்டினா. அப்புறம் ஹெட்ஃபோனை அவ காதுல மாட்டி, ஒரு பக்கம் மூடு, திற, மூடுன்னு காட்டினேன். கழட்டி வெச்சுட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டா. ரொம்ப நேரம் தண்ணி ஓடற சத்தம்.

நவம்பர் 18, திங்கள்

சர்ச் ஸ்ட்ரீட் அண்ணாவுக்கு ஃபோன் பண்ணியாச்சு. நாலு மணி வரைக்கும் ஸ்டீரியோவிலயே வெச்சிருக்கேன், ரெண்டு நாற்காலி போடறேன்னார். அக்கா புடவை மாத்தறா, பப்புக்குப் பட்டுப் புடவை எதுக்குக்கான்னா கேக்க மாட்டேங்கறா. எழுதிக் குடுக்க வேண்டிய பாட்டு லிஸ்ட்: டீப் பர்ப்பிள், வான் ஹேலன் 1978, மெய்டன்ல ரெண்டு கிட்டாரும் சேர்ந்து ஓடற

ஆட்டோ வந்துடுச்சு