முன்பதிவு இல்லாத ஆற்றங்கரை

முதல் முறை நாங்கள் போனது ஓர் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை. டென்வரிலிருந்து காலையில் கிளம்பி, வழியில் சாப்பிட்டு, யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊருக்குப் போகும் 128ஆம் எண் சாலையில் நுழைந்தபோது மணி மூன்று. இடப்பக்கம் செக்கச்செவேலென்று பாறைச் சுவர், வலப்பக்கம் கொலராடோ ஆறு, நடுவில் குறுகலான இருவழிச் சாலை. ஆற்றங்கரையில் வரிசையாக முகாம் தளங்கள். ஒவ்வொன்றிலும் நுழைந்து, மெதுவாக வட்டமடித்து, வெளியே வந்தோம். எல்லாக் கம்பங்களிலும் பணம் கட்டிய சீட்டு மாட்டியிருந்தது. கடைசித் தளமும் நிறைந்திருந்தது. அன்றிரவு ஐம்பது மைல் தள்ளி ஒரு விடுதியில் படுத்தோம். கூடாரம் காரிலேயே கிடந்தது. எட்டு வயது மகள் தூங்கும்வரை பேசவே இல்லை.

அதனால்தான் இந்த அக்டோபரில் மறுபடி போக முடிவு செய்ததும், ஒரு மாதத்துக்கு முன்பே நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டேன். முன்பதிவு செய்ய முடியாத இடம் என்றால் திட்டம் எதுவும் வேண்டாம் என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் திட்டம் அதிகம் வேண்டியிருக்கிறது.

இந்தத் தளங்களை நடத்துவது பிஎல்எம் என்று எல்லோரும் சொல்லும் நில மேலாண்மைப் பணியகம். மத்திய அரசின் துறை. தேசியப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் துறை வேறு. அமெரிக்காவில் எந்தத் துறையையும்விட அதிக நிலம் பிஎல்எம்மிடம்தான் இருக்கிறது, சுமார் 24.5 கோடி ஏக்கர். பெரிய குழுக்களுக்கான இடங்களை முன்பதிவு செய்யலாம். எங்களைப் போன்ற ஒன்றிரண்டு குடும்பங்களுக்கான இடங்கள் முதலில் வருபவருக்கே.

இதை ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“யாரோட இடம்டி அது?”

“கவர்மென்ட் இடம்மா. யார் வேணும்னாலும் தங்கலாம்.”

“அப்போ புறம்போக்குன்னு சொல்லு.”

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியதுபோல இருந்தது. நம் ஊரில் அந்தச் சொல்லை வசவாக்கிவிட்டோம். ஆனால் வரிக்கணக்குக்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் என்பதுதானே அதன் பொருள்? மேய்ச்சல் வெளி, ஏரிக்கரை, களத்துமேடு என்று ஊரே புழங்கிய இடம். பிஎல்எம் நிலத்தின் கதையும் ஏறக்குறைய அதுதான். யூட் பழங்குடியினர் வாழ்ந்த மண். அவர்களிடமிருந்து பறித்த பிறகு, குடியேறியவர்கள் யாரும் பட்டா கேட்காமல் மிஞ்சியதெல்லாம் அரசின் கையில் நின்றது. பொது நிலங்களைக் கவனித்த அலுவலகத்தையும் மேய்ச்சலைக் கவனித்த அலுவலகத்தையும் 1946இல் இணைத்துத்தான் இந்தப் பணியகமே உருவானது. இந்த நாட்டில் சொந்தமாக ஒரு செண்ட் நிலம் இல்லாத நான், ஓர் இரவுக்கு 20 டாலர் கட்டிவிட்டு இப்படியொரு ஆற்றின் கரையில் படுத்துத் தூங்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். முதலில் கிழமை. சனியை மறந்துவிட வேண்டும். வார இறுதிக்கு வந்தவர்கள் ஞாயிறு காலை கூடாரத்தைப் பிரிப்பார்கள். அந்த நேரத்தில் நாம் அங்கே இருக்க வேண்டும். டென்வரிலிருந்து மோவாப் கிட்டத்தட்ட 355 மைல். ஒரே ஓட்டத்தில் போனால் மதியம் தாண்டிவிடும். ஆகவே சனிக்கிழமை வழியில் உள்ள கிராண்ட் ஜங்ஷன் ஊர் வரை போய்த் தங்கி, ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்புவது என்று எழுதினேன். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அந்த வாரத்தில் அமைந்தது.

இரண்டாவது, எந்தத் தளம் முதலில், எது அடுத்தது என்ற வரிசை. பாறைச் சுவர்களுக்கு நடுவே என் போனில் சிக்னல் கிடையாது. அங்கே போய்த் தேட முடியாது, காகிதத்தில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து வந்தால் முதலில் டூயி பிரிட்ஜ், பிறகு ஹிட்டில் பாட்டம், அப்புறம் மோவாபுக்கு ஏழு மைல் இருக்கும்போது பிக் பெண்ட், ஓக் குரோவ், ஹால் கேன்யன், டிரிங்க்ஸ் கேன்யன், கிரான்ட்ஸ்டாஃப், கடைசியாக ஊரை ஒட்டி கூஸ் ஐலண்ட். ஹிட்டில் பாட்டத்திலிருந்து ஃபிஷர் டவர்ஸ் தெரியும். சேற்றைக் குழைத்து ஊற்றியதுபோல நிற்கும் பாறைக் கோபுரங்கள் அவை, உயரமானது 900 அடி. மாலை வெயில் பட்டால் கனல்போல ஆகிவிடும். பிக் பெண்டில் மணல் கரை உண்டு. கூடவே வந்த நண்பர் குடும்பத்திலும் ஒரு சிறுவன் இருந்ததால் மணலுக்கே முதலிடம், ஹிட்டில் பாட்டத்துக்கு இரண்டாமிடம். ஆனால் வழியில் முதலில் வருவது ஹிட்டில் பாட்டம். அங்கே ஆற்றைப் பார்த்த இடம் ஒன்று காலியாக இருந்தால் ஆசையை விட்டுவிட்டு அதையே பிடித்துக்கொள்வது என்றும் பேசி வைத்தோம்.

மூன்றாவது, தண்ணீர். இந்தத் தளங்களில் மேசை உண்டு, நெருப்பு மூட்ட இரும்பு வளையம் உண்டு, தண்ணீர் இல்லாத குழிக் கழிப்பறை உண்டு. குழாய் மட்டும் கிடையாது. பக்கத்தில் ஆறே ஓடுகிறதே என்று நினைக்கக் கூடாது. கொலராடோ என்ற ஸ்பானியச் சொல்லுக்கே சிவந்தது என்றுதான் பொருள். ஒரு வாளியில் பிடித்து இரவு முழுக்க வைத்துப் பார்த்தோம், காலையில் அடியில் செம்மண் படிந்திருந்தது. இந்த வண்டல் வடிகட்டியை வேகமாக அடைத்துவிடும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது கிட்டத்தட்ட நான்கு லிட்டர். ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு 18 காலன். 7 காலன் பிடிக்கும் கேன்கள் மூன்றை கிராண்ட் ஜங்ஷனிலேயே நிரப்பிக்கொண்டோம்.

குடிப்பதைவிடப் பாத்திரம் கழுவத்தான் தண்ணீர் அதிகம் போகும். அதனால் சமையலையும் அதற்கேற்ப அமைத்தேன். வீட்டிலேயே புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, இட்லி மிளகாய்ப்பொடி. அங்கே சோறு மட்டும் வடிப்பது. முதல் நாளுக்குப் பொடி தடவிய இட்லி, இரண்டாம் நாள் புளியோதரை, நடுவில் சப்பாத்தியும் தொக்கும். மூன்றே பாத்திரங்களோடு சமாளித்துவிட்டோம்.

பணம் சில்லறையாக இருக்க வேண்டும். நுழைவில் உறைகளும் ஓர் இரும்புக் குழாயும் இருக்கும். உறைக்குள் பணத்தை வைத்து, சீட்டைக் கிழித்துக்கொண்டு, உறையைக் குழாயின் வாயில் போட வேண்டும். மீதி தர ஆள் இல்லை. விறகையும் கையோடு கொண்டுபோய்விட வேண்டும். அங்கே இருக்கும் காட்டன்வுட் மரங்கள்தான் அந்த வெயிலுக்கு நிழல், அவற்றின்மேல் கை வைக்க மனம் வராது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முன்பே 128ஆம் எண் சாலைக்குள் நுழைந்துவிட்டோம். டூயி பிரிட்ஜில் ஐந்து நிமிடம் மட்டும் நின்றோம். 1916இல் கட்டிய மரப்பலகைத் தொங்கு பாலம் அது. 2008இல் ஒரு சிறுவன் தீப்பெட்டியோடு விளையாடியதில் பலகைகள் எரிந்துபோய், இப்போது கம்பிகளும் தூண்களும் மட்டும் ஆற்றின்மேல் நிற்கின்றன. பாலம் கட்டிய காலத்தில் இந்த ஆற்றுக்குப் பெயரும் வேறு, கிராண்ட் ஆறு. 1921இல்தான் இந்தப் பகுதிக்கும் கொலராடோ என்ற பெயர் வந்தது. முந்தைய இரவு தங்கிய கிராண்ட் ஜங்ஷன் ஊர்ப் பெயரில் அந்தப் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னபோது பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி.

ஹிட்டில் பாட்டத்தில் இடம் இல்லை. பிக் பெண்டில் ஒரு தம்பதி கூடாரத்தை மடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டோம், இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுவோம் என்றார்கள். அந்த இருபது நிமிடமும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு காரிலேயே இருந்தோம். அவர்கள் போனதும் என் மகள்தான் சீட்டைக் கம்பத்தில் மாட்டினாள்.

மாலை நாலரைக்குக் காற்று எழுந்தது. மணலில் அடித்த முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. இது என் நோட்டில் இல்லாத விஷயம். மளிகைப் பைகளில் மணலை நிரப்பி, கயிறு கட்டி, குழி தோண்டிப் புதைத்த பிறகுதான் கூடாரம் அடங்கியது. இரவில் நல்ல குளிர். பகலில் அரைக்கைச் சட்டை போதும், இரவில் கம்பளித் தொப்பி வேண்டும். ஆற்றில் பிள்ளைகளுக்கு முழங்கால்வரைதான் அனுமதி, அதுவும் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டுதான். மேலே அமைதியாகத் தெரியும் நீருக்கு உள்ளே இழுப்பு அதிகம்.

திங்கட்கிழமை கிரான்ட்ஸ்டாஃப் கேன்யனில் ஓடையோடு நடந்து, 243 அடி அகலமுள்ள மார்னிங் குளோரி பாறைப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். 1870களில் அங்கே மாடு மேய்த்த வில்லியம் கிரான்ட்ஸ்டாஃப் என்ற கறுப்பினத்தவரின் நினைவான இடம் அது. அவர் நிறத்தை இழிவாகச் சுட்டும் பெயரைத்தான் வரைபடங்கள் நெடுங்காலம் தாங்கியிருந்தன. 2017இல் மாற்றினார்கள். அந்தப் பழைய பெயரை மகளுக்கு விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

செவ்வாய் காலை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கார் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றது. பின்னிருக்கையில் இரண்டு குழந்தைகள். கிளம்புகிறீர்களா என்று கேட்டார் ஓட்டிவந்த பெண். ஆமாம், இருபது நிமிடம் என்றேன். மிச்சமிருந்த விறகையும் முழுசாக இருந்த ஒரு கேன் தண்ணீரையும் அவர்களுக்கு இறக்கி வைத்தோம். மகள் போய், மணல் பைகள் புதைத்திருக்கும் இடங்களைக் காட்டி, “சாயங்காலம் காத்து வரும்” என்று அந்தக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.