ஐஸ் லென்ஸ்: ஒன்பதாவது தடவை தீ பிடித்தது

நேற்றுக் காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, எங்கள் மொட்டை மாடியில், லென்ஸாக வளைத்த ஐஸ் கட்டியால் வெயிலைக் குவித்துத் தீ மூட்டிவிட்டேன். கரித்து வைத்திருந்த இலவம் பஞ்சில் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி. அதை மரிக்கொழுந்துச் சருகுக்குள் பொதிந்து ஊதியதும் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சுடர். ஒன்பதாவது முயற்சி இது. முந்தைய எட்டில் ஐந்து ஈரத்தில் போயின, இரண்டு விரிசலில் போயின, ஒன்று மேகத்தில் போனது.

லென்ஸுக்குத் தெளிவான ஐஸ் வேண்டும். அதற்கு, மூடாத தெர்மாக்கோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, மேலிருந்து கீழாக உறைய விட்டு, அடியில் வெள்ளை சேருமுன் எடுக்கிற முறை ஒன்று உண்டு. எங்கள் ஊர் போர் தண்ணீரில் அது சரிப்படவில்லை. கேன் தண்ணீரில் நன்றாக வந்தது. ஆனால் ஒரு கட்டிக்கு ஒன்றரை நாள் ஃப்ரீசரை அடைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவுக்கு வருத்தம். அப்புறம்தான் மீன் மார்க்கெட்டுக்குப் போகிற ஐஸ் பார் ஞாபகம் வந்தது. அதை உறைய வைக்கும்போது தண்ணீருக்குள் காற்றை ஊதிக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். அதனால் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், நடுத்தண்டு மட்டும் வெள்ளை. “அண்ணே, மூலைப் பக்கமா உடைச்சுக் குடுங்க, நடு வேண்டாம்” என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இருபது ரூபாய்க்கு மூன்று லென்ஸ் செய்கிற அளவு கிடைக்கிறது. கோணிப் பையில் மரத்தூளோடு சுற்றி எடுத்து வந்தால் வீடு வரை தாங்கும்.

அச்சுக்கு அலுமினிய வடைச்சட்டி. இரும்பு வாணலிகளில் அடி சற்றுத் தட்டையாக இருக்கிறது, குவியம் (வெயில் ஒன்றுசேருகிற புள்ளி) சிதறிவிடும். அட்டையில் காம்பஸால் வளைவு வரைந்து வெட்டி, பாத்திரக்கடைக்கே எடுத்துப் போய் ஒவ்வொரு சட்டிக்குள்ளும் வைத்துப் பார்த்தேன். வாய் 24 செ.மீ., ஆழம் 7 செ.மீ. உள்ள ஒன்று பொருந்தியது. வளைவின் ஆரம் ஏறக்குறைய 14 வரும். சட்டியை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் உட்கார வைத்து, ஐஸை உள்ளே போட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தால் பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் வளைந்துவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு சட்டியில் வைக்காதீர்கள். ஐஸ் வேர்த்து, மேல்தோல் பளபளக்கும் வரை காத்திருங்கள். என்னுடைய இரண்டு விரிசலும் அந்த அவசரத்தால் வந்தவைதான்.

ஐஸின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்கிற அளவு, 1.31. கண்ணாடியைவிடக் குறைவு என்பதால் குவியம் தள்ளி விழும். ஒரு பக்கம் மட்டும் வளைத்தபோது 45 செ.மீ. வந்தது. இரண்டு பக்கமும் வளைத்ததும் 22-க்கு இறங்கியது. சூரியப் புள்ளி நாலு மில்லிமீட்டரிலிருந்து இரண்டாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கம்தான் எல்லாம்.

இனி என்னை ஒரு மாதம் ஆட்டி வைத்த விஷயத்துக்கு வருகிறேன்: சொட்டு.

உச்சி வெயில்தான் கடுமையான வெயில் என்று பன்னிரண்டு மணிக்கே செய்துகொண்டிருந்தேன். பங்குனி மாதம், சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. லென்ஸ் படுக்கையாக இருக்கிறது, பஞ்சு அதற்கு நேர் கீழே. புள்ளி விழுகிறது, பஞ்சு பழுப்பாகிறது, ஒரு நூல் புகை எழுகிறது, லென்ஸின் வயிற்றிலிருந்து ஒரு துளி அதன்மேலேயே விழுகிறது. ஐந்து தடவையும் இதேதான். வளைந்த அடியில் உருகும் நீரெல்லாம் நடுவுக்குத்தான் வழியும், குவியமும் அதே நடுவின் கீழேதான் இருக்கிறது. துணியால் துடைத்துப் பார்த்தேன். ஓரத்தில் நூல் கட்டி நீரை இழுத்துப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை.

வழி நேரத்தில் இருந்தது. காலை ஒன்பதே காலிலிருந்து பத்துக்குள் சூரியன் பாதி வானத்தில் நிற்கும். பழைய டேபிள் ஃபேன் ஸ்டாண்டின் கழுத்தில் அம்மாவின் ஆறு அங்குல எம்ப்ராய்டரி வளையத்தைக் கட்டி, லென்ஸை அதில் சாய்த்து வைத்தேன். ஒளி சரிந்து போய் ஒரு சாண் தள்ளி விழுகிறது, நீரோ லென்ஸின் கீழ் விளிம்பிலிருந்து நேராகத் தரைக்குப் போகிறது. இரண்டுக்கும் வழி தனித்தனியாகப் பிரிந்ததும் நாற்பது எண்ணுவதற்குள் பஞ்சு கங்கானது. (கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளியைப் பார்த்தால் கண் கூசிவிடும்.)

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்க்டிக் கடலில் திமிங்கல வேட்டைக்குப் போன வில்லியம் ஸ்கோர்ஸ்பி இதைச் செய்திருக்கிறார். கோடாலியால் கொத்தி, கத்தியால் சுரண்டி, உள்ளங்கைச் சூட்டிலேயே மெருகேற்றி, அந்த லென்ஸால் மாலுமிகளின் புகைக்குழாயைப் பற்ற வைத்தார். அங்கே காற்றும் குளிர், சூரியனும் எப்போதும் தாழ்வாகவே நிற்கும். சொட்டு அவரைப் படுத்தியிருக்காது. சீனாவில் இன்னும் பழையது. ஐஸை உருண்டையாகச் செதுக்கி வெயிலில் தூக்கிப் பிடித்து, அதன் ஒளியை ஒரு மூலிகையில் ஏந்தினால் தீ பிறக்கும் என்று 3-ஆம் நூற்றாண்டு நூலொன்றில் குறிப்பு இருக்கிறது. 1819-இல் செங் ஃபுகுவாங் என்ற அறிஞர், அடி குழிந்த வெள்ளீயக் கூஜாவில் வெந்நீர் ஊற்றி, அதை ஐஸின்மேல் சுற்றித் தேய்த்து வளைவு எடுத்து, நிஜமாகவே தீ மூட்டிக் காட்டினார். என் வடைச்சட்டிக்கு இருநூறு வருடத்துக்கு முன்பே ஒரு அண்ணன்! அவர்கள் சொல்லும் மூலிகை நம் மரிக்கொழுந்தின் இனம்தான். பூக்கடையில் வாங்கி மூன்று நாள் காய வைத்தால் போதும். வாசனையும் அருமை.

நான் இதில் இறங்கியதே ஐஸுக்கும் தீக்கும் மனிதர்கள் என்னென்ன பொருள் கொடுத்திருக்கிறார்கள் என்று படித்ததனால்தான். ஐஸ்லாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்த கதையில், வடக்கே பனி உலகம், தெற்கே தீ உலகம், நடுவில் வெறும் பாழ். பனி மீது அனல் பட்டு உருகிய துளிகளிலிருந்து முதல் உயிர் எழுகிறது. பனியாற்றின் அடியில் எரிமலை இருக்கும் நாட்டில் அந்தக் கதை அவர்கள் கண்ணெதிரே நடப்பது. இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகத்திலோ ஆக அடியில் இருப்பது உறைந்த ஏரி. துரோகிகள் அங்கே ஐஸில் புதைந்து கிடக்கிறார்கள். குளிர் அங்கே அன்பற்றுப் போனதன் அடையாளம்.

நமக்கு அப்படி இல்லை. நாம் கண் குளிரப் பார்க்கிறோம், உள்ளம் குளிர வாழ்த்துகிறோம். வயிறு எரிந்தால் அது பொறாமை, வயிறு குளிர்ந்தால் அது மனநிறைவு. தீமிதிக்கிற குண்டத்துக்கே பூக்குழி என்று பெயர் வைத்திருக்கிறோம். என் மொட்டை மாடிக்கு எதிரே நிற்கிற திருவண்ணாமலையும், புராணப்படி, அடிமுடி காணாத நெருப்பு குளிர்ந்து கல்லானது. வெயில் ஊரில் குளிர்ச்சிதான் அருள். இதைச் சொல்லில் மட்டுமே அறிந்திருந்தேன். நேற்று லென்ஸை விரல் விறைக்கப் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் தள்ளிப் பஞ்சு எரிவதைப் பார்த்தபோது, விலகினால் சுடும், நெருங்கினால் குளிரும், இப்படியொரு தீயை இவள் எங்கே பெற்றாள் என்று காமத்துப்பாலில் வியக்கிற குறள் நினைவுக்கு வந்தது. கையில் இருந்தது அச்சாக அந்தத் தீ.

இன்னும் முடியாதது கற்பூரம். பார்க்க ஐஸ் மாதிரியே இருக்கிறது, சாம்பல் மிச்சமில்லாமல் எரிகிறது, நேராக அதிலேயே பிடிக்க வைக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் வெள்ளை நிறம் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, கொஞ்சம் ஆவியாகி மணப்பதோடு சரி. அடுப்புக்கரித் தூள் தடவிப் பார்க்கப் போகிறேன்.

கார்த்திகை தீபத்துக்கு இந்தத் தீயால் விளக்கேற்ற வேண்டும் என்பது பெரிய திட்டம். மலையில் மாலை ஆறு மணிக்குத்தான் தீபம், அப்போது வெயில் இருக்காது. காலையில் பிடித்த தீயைத் தூங்காவிளக்கில் சாயங்காலம் வரை காப்பாற்ற வேண்டும். அந்த மாதத்து மழை மேகத்தை நினைத்தால்தான் கவலை. இரண்டு நாள் முன்னதாகவே பிடித்து வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

நேற்றைய சுடரை அம்மா அகலில் வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். இரவு படுக்கப் போகுமுன் அதன் முன்னால் நின்றபடி, “விளக்கைக் குளிர வைக்கட்டுமாப்பா?” என்று கேட்டார். எண்ணெய் இருக்கும்வரை எரியட்டும் அம்மா என்றேன். வியாழக்கிழமைக்கு ஐஸ்காரரிடம் இன்னொரு மூலை சொல்லி வைத்திருக்கிறேன்.